விருதுப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

அக்காவின் தம்பி என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் அக்கா அனுப்பிய படத்தில் உங்கள் முகம் இன்னும் கொஞ்சம் அகலமாகியிருந்தது. அலுவலகக் காற்று ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்து மகிழ்ந்தேன். இங்கே நாங்கள் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் நீங்களும் இரண்டு நிமிடத்தில் முடியாது என்று சொல்லிவிடுவீர்கள். அந்த அனுபவம் எனக்கு உண்டு. தவிர, எங்கள் வீடு இரண்டே அறை. எந்த மூலையில் நின்று முணுமுணுத்தாலும் என் மனைவிக்குக் கேட்டுவிடும். அவளுக்கு இது தெரியவே கூடாது. ஆகவே பள்ளியில், ஓய்வு வேளையில், ஆசிரியர் அறையின் கடைசி மேசையில், சிவப்புப் பேனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்துகிற பாவனையில் எழுதுகிறேன். யாராவது உள்ளே வந்தால் ஒரு விடைத்தாளை மேலே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். இதுவரை நான்கு முறை போட்டாயிற்று. அதனால் எழுத்து அங்கங்கே துண்டு துண்டாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். கல்வியில் தொழில்நுட்பத்தைப் பயனுறக் கையாண்ட ஆசிரியர்களுக்கு உங்கள் அலுவலகம் வருடா வருடம் ஒரு விருது கொடுக்கிறது அல்லவா. இந்த வருடத்து இறுதிப் பட்டியலில் மூன்று பேர். அதில் ஒருவன் நான். அந்தப் பெயரை நீங்கள் எடுத்துவிட வேண்டும். விருதுக் கோப்புகள் உங்கள் மேசையைத் தொடாமல் எங்கும் நகராது என்று அக்கா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பெயரைச் சேர்க்கச் சொல்லி உங்களிடம் நூறு பேர் வந்திருப்பார்கள். எடுக்கச் சொல்லி வருகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வருகிற வியாழக்கிழமை காலை மூன்று நடுவர்கள் என் வகுப்பை நேரில் பார்க்க வருகிறார்கள். இன்று திங்கள். அவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன் என் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் என் இருபத்தாறு வருட வேலை அன்றைக்கே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதவி கேட்கும்போது பழையதைக் கிளறக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் தலைமையாசிரியர் பதவிக்கு நான் நேர்முகத்துக்கு வந்தபோது தேர்வுக் குழுவில் நீங்களும் இருந்தீர்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் 'இவர் எனக்கு உறவு, நான் ஒதுங்கிக்கொள்கிறேன்' என்று எழுந்து வெளியே போனீர்கள். மிச்சமிருந்த நான்கு பேரில் இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். ஐந்தாவது ஓட்டு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தது. சர்வீஸில் எனக்கு இரண்டு வருடம் இளையவரான ஒரு அம்மா எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார். அன்றைக்கு நீங்கள் நேர்மையாக இருந்ததை நான் குறை சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு ஆறு வருடம் வட்டி சேர்ந்திருக்கும், அதிலிருந்து ஒரு துளி எனக்காக எடுத்துச் செலவழியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். முழுதாகச் சொல்லாவிட்டால் நீங்கள் இதைத் தன்னடக்கம் என்று நினைத்துவிடுவீர்கள்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் என் எட்டாம் வகுப்புக்கு நாற்பது டேப் வந்தன, சிலேட்டு அளவில் கைக்கணினிகள். மாணவருக்கு ஒன்று. கணக்குப் பாடம் முழுவதும் படமாக அதற்குள் இருக்கிறது. விரலால் தொட்டால் ஓடும். ஒரு பாடம் முடிந்தால் அடுத்தது தானாகத் தொடங்கும். எந்த வகுப்பில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது மேலிடத்தில் ஒரு திரையில் தெரியும். எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் ஆசிரியர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். நான் எதிர்ப்பவன் இல்லை அத்தான். கொடுத்துப் பார்த்தேன். நாற்பது டேப்பில் பதினொன்றில் சார்ஜ் இல்லை. ஆறு பேருக்குக் கடவுச்சொல் மறந்துபோனது. நான்கு பேர் பாடத்துக்குப் பதிலாகத் தங்கள் முகத்தையே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஜப்பான் மொழிக்கோ எதற்கோ மாறிவிட்டது, திரும்பி வரவேயில்லை. எல்லாவற்றையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்து நிமிர்ந்தபோது மணி அடித்தது. ஒரு மாதம் இப்படியே போனது. பின்னம் என்கிற பாடத்தின் தலைப்பைத் தவிர நான் எதையும் கரும்பலகையில் எழுதவில்லை. திரையில் என் வகுப்பு முப்பத்திரண்டு சதவீதம். மூன்று விளக்கக் கடிதம் எழுதினேன். மூன்றாவதை வாங்கிக்கொண்டு தலைமையாசிரியை அம்மா, 'சார், உங்க வயசுக்கு இது கஷ்டம்தான், புரியுது' என்றார். எனக்கு வயது ஐம்பத்தொன்று. அவருக்கு நாற்பத்தொன்பது.

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. என் வகுப்பறையின் பின்பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. டேப்புகளைச் சார்ஜ் போட்டு வைக்க அதன் முதுகில் துளை போட்டு வயர் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை மாணவர்கள் வருவதற்கு முன் நான் போய், நாற்பது டேப்பையும் வரிசையாகத் திறந்து, பாடத்தைத் தொட்டு ஓடவிட்டு, சத்தத்தை முழுதாகக் குறைத்து, பீரோவுக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டேன். ஏழு நிமிடம் ஆனது. பிறகு சாக்பீஸை எடுத்துப் பாடம் நடத்தினேன். மாலையில் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் அணைத்தேன். அன்று என் வகுப்பு நூறு சதவீதம். மறுநாளும் நூறு. ஐந்து மாதமாக நூறு. நான் பொய் சொன்னேனா என்றால், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பீரோ சொன்னது. நான் சாவியை மட்டும் இடுப்பில் வைத்திருந்தேன்.

இதோடு நின்றிருந்தால் நான் பாட்டுக்கு ஓய்வு பெற்றிருப்பேன். என் போதாத காலம், பிள்ளைகள் நன்றாகப் படித்துவிட்டார்கள். எல்லாப் பள்ளிக்கும் பொதுவாகக் காகிதத்தில் நடக்கிற மாதத் தேர்வில் என் வகுப்பு முதலில் ஒன்பதாவது இடம், பிறகு நான்காவது, பிறகு முதலாவது. மேலிடத்தில் யாரோ ஒரு புத்திசாலி இந்த மதிப்பெண்ணையும் அந்த நூறு சதவீதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். டேப்பை அதிகம் பார்த்த வகுப்பு அதிக மதிப்பெண் வாங்கியிருக்கிறது, எனவே டேப்தான் காரணம். ஐந்தாம் வகுப்புப் பையன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். செய்தால் நான் கொட்டுவேன்.

அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றும் எனக்குக் குளிர் ஜுரம் கொடுத்தது. பருவத் தேர்வு முடிந்து நான்கு நாள் விடுமுறை விட்டார்கள் அல்லவா. விடுமுறைக்கு முந்தின மாலை வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று மனைவி கூப்பிட, ஓடினேன். டேப்புகளை அணைக்க மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது, கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். பள்ளிக்கு ஓடினால் காவலாளி ஊரில் இல்லை, கேட்டில் பூட்டு. ஆக, என் நாற்பது மாணவர்களும் நான்கு பகல் நான்கு இரவு கண் கொட்டாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், தொண்ணூற்றாறு மணி நேரம் கணக்குப் பாடம் பார்த்திருக்கிறார்கள் என்று மேலிடத்துத் திரையில் பதிவாகிவிட்டது. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதாம் வகுப்புப் பாடமும் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். பாராட்டுக் கடிதம் வந்தது. 'விடுமுறையிலும் தணியாத அறிவு வேட்கை' என்று அதில் எழுதியிருந்தது, அத்தான். உங்கள் அலுவலக முத்திரையோடு. படித்துவிட்டு நான் பயந்த அளவுக்கு எந்தக் குற்றப் பத்திரிகையைப் படித்தும் யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

அந்த நான்கு நாள் ஓட்டத்தில் இன்னொன்றும் ஆனது. ஒரு டேப்புக்கு வயிறு வீங்கிவிட்டது. நிஜமாகத்தான். முதுகு உப்பி, கண்ணாடி விலகி, உள்ளே இருப்பது லேசாகத் தெரிகிறது. அதை வெளியே எடுத்தால் எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். உள்ளேயே வைத்தால் வெடிக்குமோ என்று பயம். துணியில் சுற்றி மேல்தட்டில் தனியாகப் படுக்க வைத்திருக்கிறேன். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாடம் நடத்திக்கொண்டே மெதுவாகப் பின்பக்கம் நடந்துபோய், ஜுரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் பீரோவின் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒரு வகுப்பில் ஐந்தாறு முறை. பீரோ பக்கத்துப் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களை முன்னால் மாற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டதற்குக் கண் பார்வை என்றேன். எங்கள் கணினி ஆசிரியர், மாணவர்கள் பாஸ்வேர்ட் என்று பெயர் வைத்திருக்கிற சின்ன வயதுக்காரர், போன வாரம் என் வகுப்புக்கு வந்து பீரோ முன் நின்று மூக்கை உறிஞ்சினார். 'சார், ஏதோ சூடான வாசனை வருதே' என்றார். மாணவர்கள் விளையாடிவிட்டு வந்திருக்கிறார்கள் என்றேன். அவர் போகாமல் என்னையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

தலைமையாசிரியை அம்மா என்னைக் கேட்காமலே என் பெயரை அனுப்பியிருக்கிறார். ஆறு வருடமாக என் வகுப்பு வாசலில் நிற்காதவர் இப்போது தினமும் நிற்கிறார். 'நம்ம சார் எப்பவுமே ஆழமானவர், நாமதான் கவனிக்கல' என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். போன சனிக்கிழமை சுற்றுவட்டாரத்து ஆசிரியர்கள் அறுபது பேரைக் கூட்டி என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு மேடையேறினேன். இந்தக் கருவி ஓடும்போது நான் குறுக்கே போவதில்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். மாணவர்கள் அதை அளவுக்கு மீறித் தொடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம் என்றேன். தலையாட்டினார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, மாணவர்களுக்கும் கருவிக்கும் நடுவில் ஆசிரியரின் பங்கு என்ன என்று கேட்டார். என் வாயிலிருந்து, சத்தியமாக யோசிக்காமல், 'ஒரு இரும்புக் கதவு மாதிரி இருக்கணும்' என்று வந்துவிட்டது. கைதட்டி ஓய்வதற்கு ஒரு நிமிடம் ஆனது. நான் வியர்வையில் நனைந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

வீட்டில் இன்னும் மோசம். என் மனைவி தன் அண்ணன் வீட்டிலிருந்து ஆரம்பித்து அடுத்த தெரு தையல்கார அம்மா வரைக்கும் சொல்லிவிட்டாள். விருது விழாவுக்கு என்று ஒரு சட்டை வாங்கி, அது கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதாக அதை அந்த அம்மாவிடமே கொடுத்திருக்கிறாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற மகள், தன் தோழிகளிடம் அப்பா தொழில்நுட்பத்தில் கெட்டிக்காரர் என்று சொல்லியிருக்கிறாளாம்; அவள் போனில் படத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று போன மாதம் கேட்டவன் நான். நேற்று சாப்பிடும்போது நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'இருபத்தாறு வருஷத்துல இப்பதான் உங்களுக்கு ஒரு நல்லது நடக்குது. அதுக்கும் மூஞ்சிய இப்படி வச்சுக்கணுமா?' என்று மனைவி கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். 'நல்லது நடந்தா உங்களுக்கு வயிறு சரியில்லாமதான் போகும்' என்றாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல. சொன்னால் அழ மாட்டாள், அதுதான் பயம். சட்டையைத் திருப்பி வாங்கி மடித்து வைப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சரி, வருவது வரட்டும், நடுவர்கள் முன்னால் உண்மையிலேயே டேப்பை வைத்துப் பாடம் நடத்திக் காட்டிவிடலாம் என்று இன்று காலை ஒத்திகை பார்த்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு பீரோவைத் திறந்து டேப்புகளை மாணவர்கள் கையில் கொடுத்தேன். சிறையிலிருந்து விடுதலையானவர்களை வரவேற்பதுபோல் ஒரு கூச்சல். முப்பத்தொன்பது டேப்தான் கொடுக்க முடிந்தது, ஒன்று நோயாளி. மூன்றாவது நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இருந்தும் பாடம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் ஏழு நிமிட வேலை மட்டும்தான் தெரியும். திறப்பேன், தொடுவேன், மூடுவேன். நடுவில் ஒரு மாணவன் நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டால் அதை மறுபடி எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் வகுப்புத் தலைவி, பல்லில் கம்பி போட்ட, மகா கெட்டிக்காரப் பெண், எழுந்து நின்று கேட்டாள். 'சார், வியாழக்கிழமை பீரோ படிக்காதா?'

என்ன சொன்னாய் என்றேன். அவள் சாதாரணமாகச் சொல்கிறாள், அவர்களுக்கெல்லாம் முதல் நாளிலிருந்தே தெரியுமாம். பூட்டின கதவின் இடுக்கில் நீல வெளிச்சம் தெரிகிறதாம். இந்த வகுப்பில் மொத்தம் நாற்பத்தொரு பேர், நாற்பத்தொன்றாவது பீரோ, அதுதான் எப்போதும் முதல் மாணவன் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சாம். யாராவது கணக்குத் தப்பாகப் போட்டால், போய் பீரோகிட்ட கேளு என்பார்களாம். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. 'பயப்படாதீங்க சார். நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்' என்றாள். உடனே மொத்த வகுப்பும், சொல்ல மாட்டோம் சார் என்று ஒரே குரலில் சொன்னது. நாற்பது பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் சொன்னால் அதற்குப் பெயர் ரகசியமில்லை, கோஷம். பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து, என்ன சார் சொல்ல மாட்டாங்க என்று கேட்டார். வாய்ப்பாடு என்றேன்.

யோசித்துப் பாருங்கள் அத்தான். வியாழக்கிழமை நடுவர் ஒருவர் குனிந்து, பாப்பா, உனக்கு இந்த டேப்பில் பிடித்த பாடம் எது என்று கேட்பார். நாற்பது பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பீரோவைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். பொய்ப் பதிவு, அரசுப் பொருளுக்குச் சேதம், நான்கு நாள் மின்சாரம் என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். தற்காலிகப் பணி நீக்கம், பிறகு விசாரணை, பிறகு ஒன்றும் இல்லை. ஓய்வு பெற ஒன்பது வருடம் இருக்கிறது, மகளுக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. இந்த வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கரும்பலகை முன் நிற்பது மட்டும்தான்.

அதனால் தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடுங்கள். காரணம் என்ன வேண்டுமானாலும் போடுங்கள். வயது அதிகம் என்று போடுங்கள். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று போடுங்கள்; உங்கள் அலுவலகத்தில் இல்லாத காரணமா. வேண்டுமானால் உறவினர் என்று போடுங்கள். அந்தச் சொல் ஒரு முறை என்னைக் கவிழ்த்திருக்கிறது, ஒரு முறை காப்பாற்றட்டும். இதைச் செய்தீர்களானால் பழைய விஷயங்களை இனி நான் மனதில்கூட நினைப்பதில்லை என்று எழுத்திலேயே உறுதி தருகிறேன். என் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த சுவர்க்கடிகாரம் இருபத்திரண்டு வருடமாகப் பின்தங்கி ஓடுவதையும் இத்தோடு மறந்துவிடுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். கடிதத்தைக் காட்ட வேண்டாம். பெரியவளுக்குப் பரீட்சை நல்லபடியாக முடியட்டும், சின்னவனுக்கு என் ஆசிகள். உங்களுக்கு ரத்த அழுத்தமும் உப்பும் குறைந்து பதவி மட்டும் உயரட்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டியலில் இருக்கவே கூடாத,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இன்று செவ்வாய். நேற்று மாலை கூரியர் கடை மூடிவிட்டதால் கடிதம் என் பையிலேயே இருந்தது. நல்லதாகப் போயிற்றா கெட்டதாகப் போயிற்றா என்று இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை வருவதாக இருந்த நடுவர்களுக்கு வண்டி கிடைக்கவில்லையாம். அதனால் இன்று காலை அவர்கள் அலுவலகத்தில் இருந்தபடியே, எங்களுக்கு முன்னறிவிப்பு இல்லாமல், வழக்கம்போல் நான் பீரோவுக்குள் பூட்டி ஓடவிட்டிருந்த டேப்புகள் வழியாகவே என் வகுப்பை இருபது நிமிடம் கவனித்திருக்கிறார்கள். அப்படி ஒரு வசதி அதில் இருக்கிறதாம். பகல் இடைவேளையில் தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டு அவர்களுடைய அறிக்கையைக் கையில் கொடுத்தார். நின்றுகொண்டே படித்தேன், பிறகு அவர் நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன்.

இணைப்பு பலவீனமாக இருந்ததால் படம் இருட்டாகவே வந்ததாம். ஆனால் ஒலி கேட்டதாம், கொஞ்சம் தூரத்திலிருந்து வருவதுபோல. ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது என்ற பாடம். அரை மீட்டர் துணியில் கால் மீட்டர்த் துண்டுகள் எத்தனை வெட்டலாம் என்று கேட்டு, மாணவர்களே சொல்லும்வரை காத்திருந்து, தப்பாகச் சொன்னவனைத் திட்டாமல் அவன் சொன்ன வழியிலேயே கொஞ்ச தூரம் போய், அவனாகவே தப்பைக் கண்டுபிடிக்க வைத்து, வகுப்பு மொத்தமும் சிரிக்க, அந்தப் பையனும் சேர்ந்து சிரித்தானாம். மூன்று நடுவர்களில் ஒருவர், பின்னத்தில் வகுத்தல் தனக்கே இன்றைக்குத்தான் புரிந்தது என்று எழுதியிருக்கிறார். 'இந்த மென்பொருளின் குரல் இதுவரை நாங்கள் கேட்டவற்றில் மிகச் சிறந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் இதே குரலைப் பொருத்தப் பரிந்துரைக்கிறோம். இடையிடையே இருமல் சத்தம் வருகிறது. அடுத்த பதிப்பில் அதை மட்டும் நீக்கிவிடவும்.' விருது எனக்கே என்று முடிவாகிவிட்டது. அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கும் ஒரு சிறப்புக் கேடயம்.

வெளியே வந்து மைதானத்துக் குழாயடியில் முகம் கழுவினேன். தப்பித்தாயிற்று, யாரும் வரப் போவதில்லை, வாயை மூடிக்கொண்டு போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். நேற்று வரை நான் கேட்டதைவிட இது எத்தனையோ மேல். இரண்டு மணி நேரம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அத்தான். முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் பாடத்தை ஒரு அதிகாரி வகுப்பில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை. வருவார்கள், வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார்கள், ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாக மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு ஒரு கம்பெனிக்குக் கேடயம் கொடுக்கிறார்கள்.

ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் செய்ய வேண்டாம். என் பெயரை எடுக்க வேண்டாம், காரணம் எதுவும் போட வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அப்படியே விருதுக் கோப்பில் சேர்த்து நடுவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பீரோ, சாவி, நான்கு நாள் விடுமுறை, வீங்கினது, எல்லாம் அதில் இருக்கிறது. என் கையெழுத்தும் இருக்கிறது. என்ன நடவடிக்கையோ எடுக்கட்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. என் மனைவியிடம் இன்று மாலை நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அந்த இருமல் என்னுடையது.